அன்றைக்குப் பஸ் இருந்தது

சீனு,

விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தா நைனா என்று போனில் கேட்டாய். 'அர்ப்பணிப்பு' என்று தலைப்பையும் நீயே கொடுத்தாய். எழுதிவிட்டேன், இதுதான் அது. இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. தலைப்பையும் மாற்றிவிட்டேன், ஏனென்றால் அந்தச் சொல்லைக் கேட்டாலே ஊசிப்போன குழம்பை முகர்ந்த மாதிரி இருக்கிறது எனக்கு. நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவன். தமிழ் உனக்கு உங்கம்மா சொல்லிக்கொடுத்த அளவுதான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். கூட்டியே படி. போனில் காட்டி இங்கிலீஷில் மாற்றிப் படிக்காதே, மெதுவாகப் படிக்க வேண்டிய சங்கதிதான் இது. படித்து முடித்ததும் ஒரு வரி வெட்டாமல் மலரில் போடு. மலர் வேண்டாம் என்றால் நீ மேடையில் பேசிய வீடியோவை எங்கே போட்டாயோ அங்கேயே போடு. பொய் ஊரறியப் போயிருக்கிறது. உண்மை மட்டும் கவருக்குள் ஒளிந்துகொண்டு உன்னிடம் வருவது சரியில்லை.

உன் விழா நோட்டீஸை என் அக்கா மகன் பாபு கொண்டுவந்து காட்டினான். 'பத்தாயிரம் நாள், ஒரு நாளும் தவறாத சைக்கிள் யோகி.' யோகியாம்! தூ. என் மூஞ்சியைப் போட்டு நூறு டீ ஷர்ட் அடித்திருக்கிறாய். தொப்பை உள்ளவன் போட்டால் எனக்குக் கன்னம் உப்பும், இல்லாதவன் போட்டால் டொக்கு விழும். அந்த நூறு பேரும் நகரியிலிருந்து திருப்பதி அலிபிரி வரைக்கும் என் பின்னால் ஓட்டிக்கொண்டு வருவார்களாம். அங்கே மலையடிவாரத்தில் மேடை, மாலை, சால்வை, ஒருத்தர் மாற்றி ஒருத்தர் மைக். அவர்களில் பாதிப் பேர் பெங்களூரிலிருந்து காரின் தலைமேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள். சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து ஓட்டுகிறவனிடம் போய் நான் என்னத்தைப் பேசுவது? ஆனால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பாவம், நீ சொன்னதை நம்பி வருகிறார்கள். எனக்கு அருவருப்பாக இருப்பது அந்த டீ ஷர்ட்டில் இருக்கிற மூஞ்சியைப் பார்த்துத்தான். இதை ரொம்ப நாளாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை.

எப்படி ஆரம்பித்தேன் என்று எல்லோரிடமும் ஒரு கதை சொல்லியிருக்கிறேன், உடம்புக்காக என்று. அது பாதி. நம் தெருவில் கைத்தறியைக் கழற்றிப் போட்டுவிட்டு பவர்லூம் வந்த வருஷம் அது. முதலாளி ஒரே ஷெட்டில் எட்டுத் தறி போட்டார். எக்ஸ்போர்ட் ஆர்டர் என்ற சொல் அப்போதுதான் நம் ஊருக்கு வந்தது. பன்னிரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்துக்குள் நின்றுவிட்டு வெளியே வந்தால் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். சோறு துன்னும்போதும் ஓடும், உங்கம்மா பேசும்போதும் ஓடும். ஒரு நாள் விடியற்காலையில் சும்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏகாம்பரகுப்பம், வேப்பகுண்டா தாண்டிப் புத்தூர் வரைக்கும் போனேன். காற்று அடித்துக்கொண்டு போனதில் காது அடங்கிவிட்டது. திரும்பி வரும்போது நகரி மூக்கு மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு நிம்மதியாக இருக்க முடியுமா என்று எனக்கே ஆச்சரியம். மறுநாளும் போனேன். அந்த முதல் ஆறேழு மாசம் ஓட்டியதற்கு மட்டும் நீ மாலை போடுவதாக இருந்தால் கழுத்தை நீட்டுகிறேன். அப்போது நான் எண்ணவில்லை.

எண்ண ஆரம்பித்தது காலண்டரால். தறி முதலாளி தீபாவளிக்குக் கொடுத்த தினசரிக் காலண்டர் வாசல் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும். ஓட்டிவிட்டு வந்து தாளைக் கிழிப்பேன். ஓட்டினால்தான் கிழிப்பேன் என்று ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டேன். கிழித்த தாளின் பின்னால் எண்ணைப் போட்டுக் கம்பியில் குத்திவைப்பேன். அப்புறம் வேறு யாரும் அந்தக் காலண்டரைத் தொடக் கூடாது என்று ஆயிற்று. உனக்கு நாலு வயசில் ஒரு தாளைக் கிழித்துக் கப்பல் செய்துவிட்டாய் என்று முதுகில் ஒன்று வைத்தேனே, நினைவிருக்கிறதா? உங்கம்மா பக்கத்து வீட்டில், "எங்க ஊட்ல சூரியன் வந்தா தேதி மாறாது, அந்த ஆளு சைக்கிள் வந்தாத்தான் மாறும்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்ததை நான் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். மரமண்டை.

உன் தாத்தா செத்த அன்று என்ன செய்தேன் தெரியுமா? ஊரே அதை வியந்து பேசியது, நீயும் அந்த நோட்டீஸில் ஒரு வரி போட்டிருக்கிறாய், 'தந்தை மறைந்த நாளிலும்' என்று. அதிகாலையில் உயிர் போனது. பாடை கட்ட மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கொள்ளி போட வேண்டியவன் நான். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தேன். புத்தூரில் நமக்குச் சொந்தக்காரன் எவன் இருக்கிறான்? ஒருத்தனும் இல்லை. அங்கே போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். வரும்போது பறைக்காரர்கள் காத்திருந்து காத்திருந்து அடிப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். என் அக்கா, அதாவது உன் அத்தை, என்னை ஏற இறங்கப் பார்த்து, "எத்தினி பேருக்குடா சொன்ன?" என்று கேட்டாள். ரெண்டு பேருக்கு என்றேன். முதலில் உள்ளே போய்த் தாளைக் கிழித்தேன், பிறகுதான் குளிக்கப் போனேன். இதைக் கேட்டு எவனாவது கை தட்டினால் அவனுக்குப் புத்தி கலங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் கூட நானும் மண்ணும் சேர்ந்து மூடிக்கொள்கிற சங்கதிதான். உன் வீடியோ வராமல் இருந்திருந்தால் மூடியிருப்பேன். போன மாசம் பாபு டீக்கடைக்கே ஓடிவந்து, "மாமா, சீனு அமெரிக்காவுல மேடையில பேசிகினு கீறான், பாரு, பாரு" என்று போனை நீட்டினான். உன் ஆபீஸ் ஆட்கள் போல, பெரிய கூட்டம். நீ இங்கிலீஷில் பேசினாய், பாபு எனக்குத் தமிழில் சொன்னான். நீ சட்டைக் கையை மடக்கி உன் இடது கையைத் தூக்கிக் காட்டினாய். முழங்கையில் நேராக வராமல் நிற்குமே, அந்தக் கையை. "எனக்கு ஒம்போது வயசுல இந்தக் கை ஒடஞ்சிது. அன்னிக்கு எங்க ஊர்ல பஸ் இல்ல. எங்க நைனா என்ன கேரியர்ல உக்கார வச்சி, வெயில்ல பதினஞ்சி கிலோமீட்டர் மிதிச்சிகினு போயி கட்டு போட்டு இட்டுகினு வந்தாரு. கை நேரா வரல. ஆனா இதுதான் எனக்கு மெடல்." இப்படிச் சொன்னாயாம். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பின்னால் பிடில் வேறு. டீக்கடையில் இருந்தவர்களும் தட்டினார்கள். நான் எழுந்துபோய்ச் சாக்கடை ஓரம் குத்தவைத்து உட்கார்ந்தேன். குடித்த டீ அப்படியே வெளியே வந்தது. "சந்தோசம் தாங்கல பெருசுக்கு" என்று ஒருத்தன் சொல்கிறான். சந்தோசமாம்!

இப்போது கேள். நன்றாக உட்கார்ந்து கேள்.

அன்றைக்குக் காலையில் நான் சைக்கிள் ஓட்டவில்லை. ஆர்டர் அவசரம் என்று முதலாளி விடிவதற்கு முன்னாலேயே ஷெட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுச் சுவரில் முதல் நாள் தேதியே தொங்கிக்கொண்டிருந்தது. தறி முன்னால் நின்றாலும் மனசு அந்தத் தாளில்தான் இருந்தது. ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஷிப்ட், எப்போது போவது என்று அதே நமைச்சல். மத்தியானம் போல உன் ஸ்கூலிலிருந்து ஆள் வந்தது, பையன் காம்பவுண்டு சுவரிலிருந்து விழுந்துவிட்டான், கை தொங்குகிறது என்று. உங்கம்மா வேறு ஷெட்டில் தறிக்கு நூல் தார் சுற்றப் போயிருந்தாள், அவளுக்குச் சொல்லக்கூட இல்லை. சைக்கிளில் வந்து உன்னைக் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். சத்தியமாக பஸ்ஸுக்குத்தான் வந்தேன். எலும்பு ஒடிந்தால் நம் பக்கத்தில் புத்தூருக்குத்தான் போவோம், கட்டுப் போடுகிறவர்களைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், நமக்கு அரைமணி நேரப் பயணம். புத்தூர் வண்டி நின்றிருந்தது. காலி வண்டி. கண்டக்டர் படியில் நின்று உன்னைப் பார்த்துவிட்டார். "அன்னா, பில்லோடிகி செய்யி விரிகிந்தா? எக்கன்னா, முந்து சீட்டு இஸ்தானு. சைக்கிலு இக்கடே பெட்டு" என்று சத்தம் போட்டார். பையனுக்குக் கை ஒடிந்ததா, ஏறு, முன்சீட்டு தருகிறேன், சைக்கிளை இங்கேயே விடு என்று ஒரு அந்நிய மனுஷன் சொல்கிறார்.

நான் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எனக்குள் என்ன ஓடியது என்பதை அப்படியே சொல்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. எப்படியும் புத்தூர் போக வேண்டும். சைக்கிளிலேயே போனால் இவன் கையும் ஆகும், இன்றைய கணக்கும் ஆகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இவ்வளவுதான் ஓடியது. பெற்ற பிள்ளையின் கை எனக்கு இரண்டாவது மாங்காயாக இருந்தது. கண்டக்டரிடம் "பர்வாலேதன்னா", பரவாயில்லை என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினேன். நீ அழுகையை நிறுத்திவிட்டு, "நைனா, பஸ் கீதே" என்றாய். "அது நம்ம பஸ் இல்ல" என்றேன். நீ வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பையன். பஸ் தலையிலிருந்த போர்டை எழுத்து எழுத்தாகப் படித்து, "புத்தூர்னு போட்டுகீது நைனா" என்றாய். "வாய மூடிகினு உக்காருடா" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

நினைவிருக்கிறதா சீனு? இருக்காது. அதற்கப்புறம் எத்தனை வருஷம், எத்தனை பேரிடம், பஸ் இல்லை, பஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி உன் தலைக்குள்ளும் நான்தான் அதை அழித்திருக்கிறேன். முதலில் உங்கம்மாவிடம் பஸ் போய்விட்டது என்றேன். தெருவில் கேட்டவர்களுக்கு அன்றைக்கு ஸ்டிரைக் என்றேன். சில வருஷம் கழித்து, அந்தக் காலத்தில் நம் ஊருக்குப் பஸ் ஏது என்று ஆயிற்று. நீ கண்ணால் பார்த்து வாயால் படித்த பஸ்ஸை உன்னையே மறக்கவைத்தேன் என்றால் நான் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் பார்!

அந்த ரோடு அப்போது நீ இப்போது பார்க்கிற நாலு வழி ரோடு இல்லை. பள்ளத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரோடு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நீ "ஆ" என்பாய், நான் "ஆச்சு, ஆச்சு" என்பேன். வேப்பகுண்டா தாண்டும்போது அந்தக் காலி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நம்மைக் கடந்து போயிற்று. கண்டக்டர் சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார். புத்தூரில் கட்டுப் போட்ட பெரியவர் உன் கையைத் தடவிப் பார்த்து, எலும்பைச் சேர்த்து, தழையை அரைத்து, முட்டையில் குழைத்துத் துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். குறை சொல்ல முடியாத கைராசி. கட்டிவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார்: "கட்றது எங்க வேல, காப்பாத்தறது உங்க வேல. மூணு நாளு அதிரவே கூடாது. பஸ்லயே போங்க, முன் சீட்டு கேட்டு உக்காருங்க." தலையை ஆட்டினேன். வெளியே வந்தால் சைக்கிள் நிற்கிறது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? போக மட்டும் ஓட்டினால் பாதிக் கணக்குதானே? உன்னை மறுபடியும் கேரியரில் ஏற்றினேன். ரயில்வே கேட் தண்டவாளத்தில் சக்கரம் குதித்தபோது நீ போட்ட கத்தலில் கேட் கீப்பர் எழுந்து நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நீ தண்ணி கேட்டாய். முதலில் தாளைக் கிழித்தேன். அதற்கப்புறம்தான் சொம்பை எடுத்தேன்.

அந்தத் தாளைப் பரணிலிருந்த தாள் கட்டுகளில் தேடி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். திருப்பிப் பார். எண் மட்டும்தான் இருக்கிறது. கை என்று ஒரு எழுத்து இல்லை.

கட்டு அவிழ்த்த அன்று பெரியவர் உன் கையை நீட்டச் சொன்னார். அது பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்து, "பஸ்லதான போனீங்க?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். ஊருக்குச் சொன்ன பொய் பஸ் இல்லை, அவருக்குச் சொன்ன பொய் பஸ்ஸில் போனோம். அவர் தன் கைமேலேயே சந்தேகப்பட்டு, "எங்கியோ தப்பு பண்ணிட்டேன் போல" என்றார். அந்த மனுஷனை அப்படிச் சொல்லவைத்துவிட்டு எழுந்து வந்தேன். அவர் இப்போது இல்லை. கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இனி யாரிடம் போய்க் கேட்பது?

பத்து வருஷம் கழித்துச் சித்தூரில் போலீஸ் செலெக்ஷன். நீ ஓட்டத்தில் முதலில் வந்தாய், உயரம் சரி, மார்பு சரி. போலீஸாக வேண்டும் என்று ஆறாம் கிளாஸிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கிரவுண்டு கம்பிவேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஆமாம், அங்கேயும் சைக்கிளில்தான் வந்திருந்தேன், ராத்திரியே புறப்பட்டு. ஆபீசர் உன் முன்னால் நின்று, "செய்யி சாப்பு" என்றார். நீட்டினாய். "இங்கா சாப்பு" என்றார், இன்னும் நீட்டு என்று. நீ முகம் சிவக்க நீட்டிக்கொண்டே இருந்தாய், அது வரவில்லை. அவர் பேனாவால் ஏதோ கிறுக்கிவிட்டு அடுத்த பையனிடம் போய்விட்டார். வெளியே வந்த நீ என்னைத் தேற்றினாய்: "உடு நைனா, நீ இல்லன்னா இந்தக் கையே இருந்திருக்காது." அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. உன்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் சைக்கிளில் திரும்பினேன். அதற்கப்புறம் நீ திருப்பதியில் கம்ப்யூட்டர் படித்து, பெங்களூர் போய், அமெரிக்கா போனாய். கை கோணினதால்தான் அமெரிக்கா போனான், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று இங்கே சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்லது நடந்தால் அது நீ உழைத்தது. கோணினது மட்டும்தான் நான் செய்தது.

இவ்வளவையும் வீடியோவுக்காக மட்டும் எழுதியிருக்க மாட்டேன், நான் அவ்வளவு யோக்கியன் இல்லை. போன வாரம் ஹேமா உங்கம்மாவுக்குப் போன் செய்தாள். உன் பெண்டாட்டி சித்தூர்ப் பெண், எதையும் அழுது சொல்கிறவள் இல்லை. அன்றும் அழவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன். "அத்த, பாப்பா ஊஞ்சல்லேந்து உழுந்து தாடை கிழிஞ்சி ரத்தம் கொட்டிகினு கீது. நான் கூப்ட்றேன், இவரு அந்த நிக்கிற சைக்கிள உட்டு எறங்கல. இன்னும் பன்னண்டு நிமிசம், முடிச்சிட்டு வரேன், துணிய வச்சி அழுத்திப் புடிங்கறாரு. நானே கார எடுத்துகினு போயி தையல் போட்டேன். அப்பால வந்து நின்னுகினு, 'நைனா ஒரு நாள் கூட உட்டதில்ல ஹேமா'ன்றாரு." உங்கம்மா போனைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சீ, என்ன பிழைப்புடா இது! பனி கொட்டுகிறது என்று வீட்டுக்குள்ளேயே ஒரு சைக்கிளை ஆணி அடித்த மாதிரி நிறுத்திவைத்து மிதிக்கிறாய். அது எங்கேயும் போகிறதில்லை, காற்றும் அடிக்கிறதில்லை. உன் போனில் ஒரு நெருப்புப் படம், அதன் பக்கத்தில் விடாமல் ஓட்டிய நாளின் எண். அந்த நெருப்பு அணையக் கூடாது என்று பெற்ற பெண்ணின் ரத்தத்தைப் பன்னிரண்டு நிமிஷம் துணியால் அழுத்தச் சொல்லியிருக்கிறாய். என்னைக் கும்பிட்டுக்கொண்டே என்னைவிடக் கேவலமாகிக்கொண்டிருக்கிறாய். அதற்கு வழி போட்டுக் கொடுத்தது என் பொய். அந்தக் கை ஒரு மெடல் என்று நினைத்துத்தானே நீ ஏறி உட்கார்ந்தாய்? அது மெடல் இல்லை. ஒரு மடையன் ஒரு காகிதத்தைக் கிழிப்பதற்காகக் கோணவைத்த கை. நீ இன்றைக்கே அந்தச் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். ஓட்டாதே என்று சொல்லவில்லை. தோன்றினால் ஓட்டு, நன்றாக வேர்க்க ஓட்டு. யாராவது கூப்பிட்டால் இறங்கு. எண்ணாதே. ஒரு நாளும் விடவில்லை என்று பெருமை பேசுகிற ஆள் யாராக இருந்தாலும், அந்த நாளில் வேறு எதை விட்டான் என்று அவன் வீட்டில் கேட்டுப் பார்.

பத்தாயிரத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. இன்று காலை நான் போகவில்லை. காய்ச்சல் இல்லை, மழை இல்லை, டயர் பஞ்சர் இல்லை. நாலரைக்கே முழிப்பு வந்துவிட்டது. கால் இரண்டும் தானாகவே செருப்பைத் தேடிற்று. வாசலில் சைக்கிள் நிற்கிறது, நான் நாற்காலியைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தேன். விடிந்தது. பீடியை விட்டவன்கூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான். தெருவில் போன ஒருத்தன், "இன்னா பெருசு, ஒடம்பு சரியில்லியா? பத்தாயிரம் வரப்போவுதே" என்று பதறினான். உடம்பு நன்றாக இருக்கிறது, போய் வேலையைப் பார் என்றேன்.

வெயில் வாசலுக்கு வந்த பிறகு உங்கம்மா எழுந்து வந்தாள். "இன்னிக்கி போவலியா?"

"போவல."

"நாளைக்கி?"

"நாளைக்கும் இல்ல. கேளு, சீனு கை ஒடஞ்ச அன்னிக்கி..."

"பஸ் இருந்துச்சி" என்றாள். "அந்த வாரமே கண்டக்டர் சொன்னாரு. ஊட்டுக்காரனுக்குக் கிறுக்காம்மான்னு கேட்டாரு. நீயே ஒரு நாளு சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன். இருவது வருசத்துக்கு மேல ஆவுது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராகக் காலண்டரிடம் போனாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த வீட்டைப் பெருக்குகிறவள், ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. நேற்றைய தாளைக் கிழித்தாள். பின்னால் எண் போடவில்லை, கம்பியில் குத்தவில்லை. கசக்கி அடுப்பில் போட்டுவிட்டு, "டீ வைக்கிறேன், உக்காரு" என்றாள். நான் எங்கேயும் போகாமலேயே நம் வீட்டில் தேதி மாறிவிட்டது.

விழாவுக்கு வர மாட்டேன். டீ ஷர்ட்டுகளை யாருக்காவது கொடு, குளிருக்குப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் டிக்கெட்டை ரத்து செய்யாதே. நீ வா, ஹேமாவையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. கோபமாக வந்தாலும் சரி, திட்டத்தான் வருகிறாய் என்றாலும் வா, அதற்கு உனக்குப் பாத்தியதை இருக்கிறது. ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் இறங்கினால் கார் பேசாதே, நம் ஊர் வரைக்கும் பஸ்ஸில் வா. பஸ் ஸ்டாண்டில் நான் சைக்கிள் இல்லாமல் நிற்பேன், அடையாளம் தெரியாமல் போய்விடப் போகிறது. அங்கேயே புத்தூர் வண்டி ஒன்று நிற்கும், இப்போதும் அதே இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். அதில் ஏறி ஒருமுறை போய்வருவோம். உன்னைச் சன்னல் பக்கம் உட்காரவைக்கிறேன். ஏறுவதற்கு முன்னால் போர்டைப் பார்த்து நீயே படித்துச் சொல். நான் ஆமாம் என்று சொல்கிறேன்.

நைனா